உட்கார்ந்திருப்பவனின் விலை

எங்கள் ஊரின் ரெங்கம் மின்னல் காற்பந்துக் கழகத்தின் மிக முக்கியமான ஆட்டக்காரன் பிராண்டன், மூன்று வருடங்களில் ஒரு தடவைகூடப் பந்தைத் தொட்டதில்லை. தொடாததுதான் அவன் மதிப்பு.

அவன் வேலை பெஞ்சில் உட்காருவது. பதினேழாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்கால்களில் கையை வைத்தபடி, தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்திருப்பான். நம் பக்கம் நல்லதாக ஏதாவது நடந்தால் கை தட்டுவான். அவன் உட்கார்ந்திருந்த முப்பத்தெட்டு ஆட்டங்களில் நாங்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று அவன் வராமல் போன ஆட்டங்கள் மூன்று. மூன்றிலும் தோற்றோம். அதில் ஒன்று ஏழுக்குப் பூஜ்யம்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவன் நான். ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டைப் அடிக்கத் தெரியும் என்பதால் கழகத்துக்குச் செயலாளர். தேர்வுக்குப் படிக்க மனம் வராத ஒரு மதியத்தில் அதை அட்டவணையாக்கி, பச்சை சிவப்பு வர்ணம் கொடுத்து, கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வேடிக்கைக்குப் போட்டேன். 'இரண்டும் சேர்ந்து நடப்பதால் ஒன்றால் மற்றொன்று நடக்கிறது என்று அர்த்தம் இல்லை' என்று கீழே சின்ன எழுத்தில் எழுதியும் வைத்தேன். சின்ன எழுத்தை யாரும் படிக்கவில்லை.

அதுவரை அணியில் இடம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த பிராண்டன், அதன் பிறகு இடம் இருந்தும் உட்கார்ந்தான். பயிற்சியின்போதுகூட அவனைப் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள், பயிற்சி நல்லபடி நடக்க வேண்டுமே என்று. அவன் எப்படி ஆடுவான் என்பது யாருக்கும் தெரியாது.

இந்த வருடக் கோப்பைக்கான இறுதியாட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஸ்கூடாய்க் குழு ஒன்றிடமிருந்து கடிதம் வந்தது. அனுப்பியவர் அதன் மேலாளர் விஜயன். கைப்பேசிக் கடை வைத்திருப்பவர். என் அட்டவணை எப்படியோ அவர் கைப்பேசி வரை போயிருக்கிறது. அடுத்த பருவத்துக்குப் பிராண்டனை எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், மாதம் முந்நூறு வெள்ளிச் சம்பளம், மெத்தை வைத்த நாற்காலி, தலைக்கு மேல் பெரிய குடை, ஆட்டத்துக்கு இரண்டு இளநீர் தருவதாகவும் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, இறுதியாட்டம் முடிந்த கையோடு பதில் வேண்டுமாம். எங்கள் கழகம் அவனுக்கு இதுவரை கொடுத்தது, மழை நாளில் பெஞ்சின் காய்ந்த பக்கம்.

சனிக்கிழமை மதியம், பொருளாளர் ஐயாசாமியின் டயர் கடையில் அவசரக் கூட்டம். எல்லாரும் டயர்மேல் உட்கார்ந்தோம். பிராண்டனுக்கு மட்டும் நாற்காலி. கழகத்தில் இந்துக்களும் கத்தோலிக்கர்களும் இருப்பதால், தொடக்கத்தில் திருநீறும் உண்டு, சிலுவைக் குறியும் உண்டு. இரண்டும் முடிந்தன. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ராஜசேகரன்தான் தலைவர். அவர் தொண்டையைக் கனைத்தார்.

“கழகத்துல காசு எவ்ளோ இருக்கு?”

“நானூத்திப் பன்னெண்டு வெள்ளி,” என்றார் ஐயாசாமி. “அதுல ரெண்டு பந்து வாங்கணும்.”

“பந்து எதுக்குலா? நமக்குத்தான் பிராண்டன் இருக்கானே,” என்றார் பயிற்சியாளர் வீரமுத்து. ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். ஆட்டத்தையும் அப்படித்தான் நடத்துவார். எல்லாவற்றையும் இறுக்கு என்பார்.

நான் மெல்லச் சொன்னேன். “அவங்க முந்நூறு சொல்றாங்க. நாம முந்நூத்தம்பது சொன்னா போதும் அங்கிள்.”

“ஏன் முந்நூத்தம்பது?”

“முந்நூறைவிட அம்பது கூட.”

“உங்க யூனிவர்சிட்டில இதத்தான் சொல்லித் தராங்களா?” என்றார் தலைவர். “ஒரு மனுசனுக்கு என்ன விலைன்னு மொதல்ல பாக்கணும். அப்புறம்தான் அவன் என்ன சொன்னான், இவன் என்ன சொன்னான்னு பாக்கணும்.”

ஒரு மனிதனுக்கு என்ன விலை என்று எல்லாரும் யோசித்தார்கள். பிராண்டனும் யோசித்தான். வெளியே ஒரு லாரி செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போனது. அதன் விலை எல்லாருக்கும் தெரியும்.

“ராசியான பொருளுக்கு விலை போடணும்னா ஒரே வழிதான்,” என்றார் ஐயாசாமி. “அம்மன் எலுமிச்சம்பழம் போன வருசம் எவ்ளோ போச்சு?”

எல்லாரும் வீரமுத்துவைப் பார்த்தார்கள்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் திருவிழாவின் கடைசி நாளன்று, சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதைக் கொண்டுபோய் வீட்டிலோ கடையிலோ சாமி மேடையில் வைத்தால் வருடம் முழுக்க நல்லது நடக்கும். போன வருடம் கடைசிப் பழத்துக்கு ஐயாசாமி எழுநூற்றைம்பது வரை வந்தார். வீரமுத்து ஒரு வெள்ளி கூட்டிக் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். காற்பந்தைப் பற்றி மட்டும்.

“எழுநூத்தி அம்பத்தொண்ணு,” என்றார் வீரமுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு. “நான்தான் எடுத்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்குமே.”

“பழத்தைவிட மனுசன் கொறைஞ்சவன் இல்ல,” என்றார் தலைவர். “அதனால எழுநூத்தி அம்பத்தொண்ணுலேருந்து வச்சுக்குவோம். யார் என்ன சொல்றீங்க?”

“எண்ணூறு,” என்றார் ஐயாசாமி. யோசனையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

“எண்ணூத்தியொண்ணு,” என்றார் வீரமுத்து.

அவ்வளவுதான். ஐயாசாமி டயரிலிருந்து எழுந்து நின்றார்.

“தொள்ளாயிரம்!”

“தொள்ளாயிரத்து ஒண்ணு.”

“அங்கிள்,” என்றேன். “நீங்க ரெண்டு பேரும் ஒரே கழகம்தான்.”

“தெரியும்லா, நீ எழுது. ஆயிரத்து இருநூறு!”

“ஆயிரத்து இருநூத்தியொண்ணு.”

“தலைவரே, ஸ்கூடாய்க்காரங்க இங்க இல்ல,” என்றேன். “அவங்க முந்நூறுலதான் நிக்கிறாங்க. இப்ப கடையில கைப்பேசி வித்துக்கிட்டு இருப்பாங்க.”

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. இருபது வருடமாகக் கோயிலில் ஏலம் விடுவது அவர்தான். அவர் கை தானாகவே உயர்ந்திருந்தது.

“ஆயிரத்து இருநூத்தியொண்ணு, ஒரு தரம்...”

“ரெண்டாயிரம்!”

கடைக்கு டயர் மாற்ற வந்திருந்த ஒருவர் காடியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து, என்ன பொருள் என்று என்னிடம் கேட்டார். நாற்காலியைக் காட்டினேன். அவர் பிராண்டனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நாற்காலியும் சேத்தா?” என்றார்.

மூவாயிரம் வந்தபோது ஐயாசாமிக்கு மூச்சு வாங்கியது. வீரமுத்து நிதானமாக, “மூவாயிரத்து ஒண்ணு,” என்றார். தலைவர் மூன்று தரம் சொல்லிப் பக்கத்திலிருந்த லாரி டயரில் ஓங்கி அடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். பிராண்டனும் தட்டினான், பழக்கத்தில்.

கை தட்டி முடித்த பிறகுதான், கழகத்தின் பெட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி இருப்பது சிலருக்கு நினைவு வந்தது. வீரமுத்துவுக்கு அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. ஏலம் கேட்டது அவர், கொடுக்கப் போவதும் அவர். எடுத்த பொருள் எடுத்தவர் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம்.

“தம்பி, துணிமணி எடுத்துக்கிட்டு வந்துரு,” என்றார் பிராண்டனிடம். “மேல் ரூம் ஒண்ணு காலியாத்தான் இருக்கு. சாமி ரூம் பக்கத்துல.”

“நான் கத்தோலிக்கன்ணே.”

“அதனாலதான் பக்கத்துலன்னேன். உள்ளன்னு சொன்னேனா?”

பிராண்டன் முழங்கால்களிலிருந்து கையை எடுத்தான். இந்த மூன்று வருடத்தில் கை தட்டுவதற்கு அல்லாமல் அவன் கையை எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, எனக்குக் காசு வேணாம்,” என்றான்.

கடையில் எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு நொடிதான். பிறகு பயம் வந்துவிட்டது. காசு வேண்டும் என்பவனோடு பேரம் பேசலாம்.

“வேற என்னலா வேணும்?” என்றார் தலைவர். “நாற்காலியா? குடையா? இளநீர் மூணா தரோம்.”

“அஞ்சு நிமிசம் ஆடணும். நாளைக்கு.”

டயர் மாற்ற வந்தவர், “அலமாக்,” என்று வாயைப் பிளந்தார்.

“இல்லாட்டி ஸ்கூடாய்க்கு ஓகே சொல்லிருவேன்,” என்றான் பிராண்டன்.

“அங்க போனா மட்டும் ஆட விட்ருவாங்களா?” என்றார் வீரமுத்து.

“விட மாட்டாங்க. ஆனா அங்க மெத்தை இருக்கு.”

வீரமுத்துவுக்குக் கண் கலங்கியே விட்டது. “மூவாயிரத்து ஒண்ணு குடுக்குறேங்கிறேன். நீ போய் அஞ்சு நிமிசம் கேக்குறியே. உனக்கு மனசாட்சி இருக்கா?”

“பதினோரு பேரு ஒவ்வொரு வாரமும் தொண்ணூறு நிமிசம் ஆடுறானுங்க. அவனுங்களுக்கு யாரும் மனசாட்சி கேக்கலியேண்ணே.”

அந்த நேரம் பார்த்து அவன் அம்மா கெர்ட்ரூட் ஆண்டி வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மறுநாளுக்காக மடித்து வைத்த பதினேழாம் எண் சட்டை. மகன் கேட்டதை வாசலிலிருந்தே கேட்டு, அதற்குக் கமிட்டி முழிப்பதையும் பார்த்துவிட்டு, பையிலிருந்து சட்டையை எடுத்து வீரமுத்துவின் முகத்துக்கு நேராக உதறிக் காட்டினார்.

“இதுல எங்க அழுக்கு இருக்குன்னு காட்டுங்க.”

“அழுக்கே இல்லியேக்கா,” என்றார் வீரமுத்து.

“இல்லல்ல? மூணு வருசமா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம தோய்க்கிறேன். பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அவ மகன் சட்டைய மூணு தண்ணி மாத்தி அலசுறா. சேறு போவலக்கா, சேறு போவலக்கான்னு பெருமையா வேற சொல்லிக்கிறா. நான் சும்மா நனைச்சுக் காயப் போடுறேன். வேலிக்கு அந்தாண்டேருந்து பாத்துக்கிட்டே இருக்கா. நானும் சோப்பு நொரைய அதிகமா காட்டுறேன். எத்தன நாளைக்கு நொரையவே காட்டுறது?”

பேரம் தொடங்கியது. வெள்ளியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்திலிருந்து பிராண்டன் இறங்க மாட்டேன் என்றான். அரை நிமிடத்துக்கு மேல் ஏற முடியாது என்றார் வீரமுத்து. ஆண்டி நாலு கேட்டார். தலைவர் ஒன்று என்றார். ஐயாசாமி, தம் வழக்கப்படி, எல்லாரும் சொன்னதைவிட அதிகமாக ஆறு என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசியில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. நிபந்தனைகளும் உண்டு: எண்பத்தெட்டாம் நிமிடத்துக்குப் பிறகுதான் இறங்க வேண்டும், அப்போது நாங்கள் முன்னணியில் இருக்க வேண்டும், பந்து அவனிடம் வந்தால் உடனே வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

“நிறுத்தத்துக்குக் கூட்டித் தர்ற நேரம் யாருக்கு?” என்றார் ஆண்டி. விவரமானவர்.

“அது பிராண்டனுக்கே,” என்றார் தலைவர் பெரிய மனதோடு.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. அவன் திடலில் இருக்கும் அந்த இரண்டு நிமிடம் பெஞ்சில் யார் உட்காருவது? வேறு ஆட்டக்காரர்கள் உட்கார்ந்தால் போதாது. அவர்கள் உட்கார்ந்திருந்த ஆட்டங்களில்தானே மூன்று தடவை தோற்றிருக்கிறோம். வெகுநேரம் பேசியும் பிடிபடவில்லை. வீரமுத்துதான் எழுந்தார். எதிரே தன் கடைக்குப் போனார். சாமி மேடையிலிருந்து போன வருட எலுமிச்சம்பழத்தை ஒரு வெற்றிலையில் வைத்து எடுத்துவந்தார். பழம் காய்ந்து, கறுத்து, ஒரு பெரிய ஜாதிக்காய் மாதிரி இருந்தது.

தலைவர் ஆண்டியைப் பார்த்தார். “உங்க பக்கம் ஏதும் ஆட்சேபணை இருக்காக்கா?”

“பழம்தானே,” என்றார் ஆண்டி. “உக்காரட்டும்.”

மறுநாள் லாயாங் லாயாங் ஊரில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பாடாங் திடலில் இறுதியாட்டம். காலையிலிருந்து மழை பெய்து, ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் விட்டிருந்தது. எதிரணி உள்ளூர்க்காரர்கள். ஸ்கூடாய் விஜயன் குடையோடு வந்து எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பிராண்டன் உட்கார்ந்திருந்ததை அவர் மிகுந்த கவனத்தோடு பார்த்தார். நடுவில் ஒரு தடவை, “முதுகு நேரா வச்சிருக்கான் பாருங்க,” என்று என்னிடம் சொன்னார்.

எழுபதாம் நிமிடத்தில் யோகேஸ்வரியின் மகன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். எண்பத்தெட்டாவது நிமிடம் வந்தது. வீரமுத்து நடுவர் கமலநாதனைக் கூப்பிட்டு, ஆள் மாற்ற வேண்டும் என்றார். பிராண்டன் எழுந்தான். எழுந்த வேகத்தில் பெஞ்சின் மறுமுனையில் இருந்தவன் கீழே விழுந்தான். பிராண்டன் இருந்த இடத்தில் வெற்றிலையை விரித்து, பழத்தை வைத்தார் வீரமுத்து.

நடுவர் அருகில் வந்து பார்த்தார். “இது என்ன?”

“ரிசர்வ்,” என்றார் தலைவர்.

“பேரு பதிஞ்சவங்கதான் பெஞ்சுல இருக்கலாம். இதுக்கு ஐ.சி. அட்டை இருக்கா?”

“சாப்பாட்டுச் சாமான் சார்,” என்றேன் நான். “தண்ணி போத்தல் மாதிரி.” நடுவர் பழத்தை இன்னொரு தடவை பார்த்தார். இதை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்து, நேரமாகிறதே என்று விட்டுவிட்டார்.

பிராண்டன் திடலில் இறங்கினான். முதல் நிமிடம் எங்கே நிற்பது என்று தெரியாமல் கோட்டின் ஓரத்திலேயே நின்றான். பந்து அவன் காலுக்கு ஓரடி தள்ளி உருண்டு போனது. அதை எங்கள் ஆள் ஒருவன் அழகாக எடுத்தான். பிராண்டன் கை தட்டினான்.

“டேய், தட்டாதடா! ஓடு!” என்று ஆண்டி கத்தினார்.

ஓடினான். மூன்று வருட ஓட்டத்தையும் ஒன்றாக வைத்து ஓடினான். எதிரணி ஆட்டக்காரன் பந்தோடு எங்கள் கோல் பெட்டிக்குள் புகுந்தபோது, பிராண்டன் பக்கவாட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்தான். பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றின்மீதும் மோதினான். இருவரும் சேற்றில் புரண்டு, கோல் கம்பம் வரை போய் நின்றார்கள்.

விசில். பெனால்டி. மஞ்சள் அட்டை.

வீரமுத்து தலையில் கையை வைத்து உட்கார்ந்தார். பழத்தின்மேல் உட்காராமல் பார்த்துக்கொண்டார்.

நடுவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். “பேரு?”

சேற்றில் உட்கார்ந்தபடி பிராண்டன் அவரை அண்ணாந்து பார்த்தான். “எழுதப் போறீங்களா சார்?”

“எழுதணும்லா. மஞ்சள் அட்டை.”

“பிராண்டன் அனாக் லெலாகி தோமஸ்,” என்று ஐ.சி.யில் இருக்கிறபடி அப்பா பெயரோடு முழுப் பெயரையும் சொன்னான். நடுவர் எழுதுவதை எட்டிப் பார்த்தான். “நம்பர் பதினேழு சார். தோமஸுக்கு ‘எச்’ வரும். ரெண்டாவது எழுத்து.” நடுவர் திருத்திக்கொண்டார். “சார், ரிப்போர்ட் ஒரு காப்பி கிடைக்குமா? அம்மாவுக்கு.”

பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் ஜேடன் தவறான பக்கம் பாய்ந்து பிடிக்கப் போனான். பந்து கம்பத்தில் பட்டு, தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. அதைத் தேடிப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை எங்களுக்கு.

எல்லாரும் பெஞ்சை நோக்கி ஓடி, பழத்தைத் தூக்கினார்கள். வெற்றிலையோடு தலைக்கு மேல் தூக்கி மூன்று சுற்று வந்தார்கள். ஐயாசாமி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போன வருடமே தாம் இன்னும் இரண்டு வெள்ளி கூட்டியிருக்க வேண்டும் என்றார்.

பிராண்டன் கோல் பெட்டியிலேயே நின்றான். கழுத்திலிருந்து முட்டி வரை சேறு. பதினேழு என்ற எண் தெரியவில்லை. ஆண்டி தூரத்திலிருந்து அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

நான் விஜயனிடம் போனேன். “பிராண்டன் பதில் சொல்லணும்னு கேட்டிருந்தீங்களே.”

“அந்தத் தம்பி ஆடுறாரே லா,” என்றார் அவர் வருத்தத்தோடு. “ஆடுறவங்க எங்ககிட்ட ஏற்கெனவே பதினெட்டு பேர் இருக்காங்க.” குடையை மடக்கினார். பெஞ்சுப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பழம் யாரோடது?”

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் டயர் கடையில் கூட்டம். பழத்தைக் கழகத்தில் தக்கவைக்க எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் பொருள். ஸ்கூடாயிலிருந்து மாதம் நானூறு என்று கடிதம் வந்திருந்தது. ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று நான் எழுந்து சொன்னேன். ஒன்றுக்கு ஒன்று வென்றிருக்கிறதே, நூற்றுக்கு நூறு என்றார் தலைவர். ஏலத்தில் கேட்ட வார்த்தை கேட்டதுதான் என்று, முந்தின ஏலத்தின் மூவாயிரத்து ஒன்றில் வீரமுத்து எங்கள் பாடாங் ஓரத்தில் கூரை போட்ட பெஞ்சு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். நடு இடத்தில் மெத்தை. அளவு எடுக்கப் பழத்தைத் தச்சரிடம் கொண்டுபோயிருந்தார்கள்.

பிராண்டனும் வந்திருந்தான். இனி அவன் சாதாரண ஆட்டக்காரன் என்பதால் ஆண்டுச் சந்தா முப்பது வெள்ளி கட்ட வேண்டும் என்று ஐயாசாமி சொன்னார். உட்காருகிறவர்களிடம் வாங்குவதில்லை, ஆடுகிறவர்களிடம்தான் வாங்குவது. ஆக, பிராண்டனைத் தக்கவைக்க எங்கள் கழகம் கொடுக்க வேண்டிய தொகை, கழித்தல் முப்பது வெள்ளி. இதை நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அவன் முகம் மலர எண்ணிக் கொடுத்தான்.

“சட்டை காஞ்சிருச்சா?” என்று கேட்டேன்.

“இன்னும் தோய்க்கலடா. வேலியில தொங்குது. யோகேஸ்வரி ஆண்டி வீட்டுப் பக்கமா திருப்பி.” கொஞ்சம் யோசித்தான். “மழை வந்தா அம்மா ஓடிப்போய் எடுத்து உள்ள வச்சிட்டு, விட்டதும் மறுபடி தொங்க விடுது.”

அதற்குள் ஐயாசாமி டயரிலிருந்து எழுந்து ஆயிரம் என்றார். ஆயிரத்து ஒன்று என்று பின்னாலேயே குரல் வந்தது. தலைவரின் கை மேலே போனது. நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, “உக்காருப்பா பிராண்டன்,” என்றார்.

“பரவால்லண்ணே,” என்றான் பிராண்டன். “நிக்கிறேன்.”